வாளையாறு தாண்டினால் ஆள் மாறிவிடுவாரா? உற்பத்தித்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் ஊர்கள் நிறைய உண்டு. ஆந்திரத்துச் சித்தூர் வேறு. கடிதங்கள் இன்னும் மாறிப் போகின்றன. கோவைச் சாலை மாநில எல்லையைக் கடக்கிற இடம் வாளையாறு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று எல்லையோரம் நடந்தால் வீட்டு வாசல் கேரளத்திலும் கொல்லைப்புறத் தென்னை தமிழ்நாட்டிலும் நிற்கும். இங்கே பல ஆண்டுகள் பொருளியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஒரு வாசகசாலையில் உற்பத்தித்திறனையும் வட்டார வளர்ச்சியையும் பற்றிப் பொருளியலாளர்கள் கண்டறிந்ததைச் சொல்லக் கூப்பிட்டார்கள். பேச்சு முக்கால் மணி நேரம், கேள்விகள் இரண்டு மணி நேரம். கூட்டம் முடிந்த பிறகும் தேநீர்க் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் அதே கேள்விகள் துரத்தின. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

உற்பத்தித்திறன் என்றால் நன்றாகப் பாடுபடுவதுதானே?

இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதி பாடம் முடிந்தது. வெயிலில் குனிந்து நெல்லறுக்கிற பெண்ணைவிடப் பாடுபடுகிறவர் யாரும் இல்லை. ஒரு ஏக்கரை ஒரு நாளில் அறுத்து முடிக்கப் பதினைந்து இருபது பேர் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர், பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரத்தில் அதை முடித்துவிடுகிறார். பொருளியல் கணக்கில் அவருடைய உற்பத்தித்திறன்தான் பல மடங்கு உயர்வு. உழைப்பு என்பது உள்ளே போவது. உற்பத்தித்திறன் என்பது உள்ளே போன ஒவ்வொரு அலகுக்கும் வெளியே எவ்வளவு வந்தது என்ற விகிதம்.

எதன் அலகு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இயந்திரம் ஆளுக்கான உற்பத்தித்திறனைத் தூக்கியது. ஏக்கருக்கான விளைச்சலை ஒரு மூட்டைகூடக் கூட்டவில்லை. வடகரப்பதிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருக்கிற விவசாயிக்கு ஏக்கர் கணக்கும் ஆள் கணக்கும் இரண்டாம்பட்சம், சொட்டுத் தண்ணீருக்கு எவ்வளவு விளைந்தது என்பதுதான் கணக்கு. மூன்றும் ஒன்றுபோல உயர்வதில்லை. மேடையில் ஒருவர் "உற்பத்தித்திறன் இரட்டிப்பானது" என்றால், எதற்கு என்று எழுந்து கேளுங்கள்.

இதைப் பொருளியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு வேலை முடித்துக் கொடுக்கிறது. இரும்பு, மின்சாரம், எண்ணெய் என்று வெளியே கொடுத்தது 1 லட்சத்து 80 ஆயிரம். மிச்சமான 1 லட்சத்து 20 ஆயிரம்தான் பட்டறை சேர்த்த மதிப்பு. நான்கு பேர் வேலை செய்தால் ஆளுக்கு 30 ஆயிரம். இவ்வளவுதான் ஆளுக்கான உற்பத்தித்திறன், பள்ளிக்கூடக் கணக்கு.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் ஆளுக்கு 60 ஆயிரம் வருகிறது. அவர்களிடம் புது இயந்திரம் இருப்பதாலா? ஆட்கள் தேர்ந்தவர்கள் என்பதாலா? இரண்டையும் கழித்த பிறகும் மிஞ்சுகிற வேறுபாடு இருக்கிறதே, அதைத்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்கிறார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் இந்தக் கழித்தலை ஒரு நாட்டுக்கே செய்து பார்த்தார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்திருந்தது. அதில் கூடுதல் முதலீட்டால் வந்தது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. மீதி ஏழு பங்கும் அந்த மிச்சத்தில்தான் கிடந்தது. அதைத் தொழில்நுட்ப மாற்றம் என்று அவர் அழைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே இதே மாதிரி மிச்சத்தைக் கண்ட மோசஸ் அப்ரமோவிட்ஸ் இன்னும் நேர்மையாக, அது நம் அறியாமையின் அளவு என்றார். சோலோவுக்கு 1987-இல் நோபல் கிடைத்தது.

ஊர்ப் பேச்சில் இந்த மிச்சத்துக்குக் "கைராசி" என்று ஒரு பெயர் இருக்கிறது. வட்டார வளர்ச்சி ஆராய்ச்சி என்பதே அந்தக் கைராசியைப் பிரித்துப் பார்க்கிற வேலைதான்.

அதே ஆள் கோவையில் அதிகம் சம்பாதிக்கிறார், ஊருக்குத் திரும்பினால் சம்பாதிப்பதில்லை. சோம்பல் வந்துவிடுகிறதா?

இதைக் கேட்டவர் தன் தம்பியை மனத்தில் வைத்துத்தான் கேட்டார். நானும் அப்படி ஒருவரை அறிவேன். வேலந்தாவளத்துக்காரர், என்னிடம் படித்தவர். கோவையின் கணபதிப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் லேத் ஓட்டிவிட்டு, ஊரில் சொந்தப் பட்டறை போட்டார். அதே கை, கிட்டத்தட்ட அதே இயந்திரம். ஒரு நாள் போனபோது சும்மா உட்கார்ந்திருந்தார். கட்டிங் டூல் உடைந்துவிட்டதாம், வாங்கப் பையன் கோவைக்குப் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வருவான். "கணபதியில் இருந்தால் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தால் போதும் சார்" என்றார். அவர் ஒரு நாளைத் தொலைத்தார். சோம்பல் அதில் எங்கேயும் இல்லை.

கதை டூலோடு முடியவில்லை. அங்கே வெப்பப் பதப்படுத்துதல் அடுத்த தெரு, முலாம் பூசுவது அதற்கடுத்த தெரு. ஒரு வேலை வராவிட்டால் பக்கத்துப் பட்டறைக்காரர் தன் ஆர்டரில் பாதியைத் தள்ளிவிடுவார். புது அளவுகோல் ஒன்று சந்தைக்கு வந்தால் தேநீர் குடிக்கும்போதே தெரிந்துவிடும். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதினார்: ஒரு தொழில் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் அதன் மர்மங்கள் மர்மங்களாக இருப்பதில்லை, காற்றிலேயே கலந்திருக்கின்றன, குழந்தைகள்கூடத் தம்மையறியாமல் கற்றுக்கொள்கிறார்கள் என்று. நூறு ஆண்டுகள் கழித்து, 1991-இல், பால் க்ரூக்மன் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். சரக்குப் போக்குவரத்துச் செலவு குறையும்போது தொழில்கள் பரவும் என்றுதான் நாம் நினைப்போம். பல வேளைகளில் அவை முன்னைவிட நெருக்கமாக ஓரிடத்தில் குவியும் என்று காட்டினார். 2008-இல் அவருக்கும் நோபல்.

ஆகவே என் மாணவருடைய உற்பத்தித்திறன் அவர் கையில் மட்டும் இருந்ததில்லை. பாதி கணபதித் தெருக்களில் இருந்தது. ஊருக்கு வரும்போது கையை மட்டும் கொண்டுவந்தார்.

அப்படியானால் தொழில் ஏன் பாலக்காட்டில் குவியாமல் கோவையில் குவிந்தது?

ரயிலால் என்று பலர் சொல்கிறார்கள். ரயில் இரண்டுக்கும் பொது. சென்னையிலிருந்து பேப்பூர் போன பாதை 1862-லேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்துவிட்டது. கோவையில் கரிசல் மண்ணும் பருத்தியும் இருந்தன. 1888-இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கியது. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. ஆலைக்கு உதிரி பாகம் வேண்டும், அதற்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி வேண்டும். 1937-இல் ஜி.டி. நாயுடுவின் கூட்டு முயற்சியில் மின் மோட்டாரே அங்கு உருவாயிற்று.

இதில் நான் கூடுதல் எடை கொடுப்பது கிணற்றுக்கு. கோவை மழைமறைவுப் பூமி. கிணறு ஆழம். தண்ணீர் இறைக்கப் பம்புசெட் இல்லாமல் விவசாயமே கிடையாது. பக்கத்து வீட்டு விவசாயியே வாடிக்கையாளர், பழுதானால் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுகிற வாடிக்கையாளர். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு மோட்டார் செய்தால் மோட்டார் நன்றாக வந்துதான் தீரும். பாலக்காட்டுச் சமவெளிக்கு வாய்க்கால் தண்ணீர் வந்தது. மலம்புழை அணையை 1955-இல் காமராசர் திறந்துவைத்தார். வாய்க்கால் பாய்கிற வயலுக்கு யார் மோட்டார் செய்வார்கள்? வறட்சி அவர்களைப் பட்டறைக்குத் தள்ளியது, தண்ணீர் நம்மை வரப்பிலேயே உட்காரவைத்தது. இது என் கருத்து. எங்கள் சித்தூர்க் கிழக்குப் பகுதியும் வறண்டதுதானே என்று மறுத்தார் ஒரு நண்பர். நியாயமான மறுப்பு, ஆனால் நூற்பாலைக்கு அருகில் இருக்கிற வறட்சியும் ஆலை இல்லாத வறட்சியும் ஒன்றல்ல.

1956-இல் போட்ட மாநில எல்லைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

எல்லைக்கோடு என்றால் பொருளியலாளர்களுக்குக் கொள்ளை ஆசை. இரண்டு பக்கமும் மண், மழை, மக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்க, சட்டம் மட்டும் மாறினால், அது இயற்கையே நடத்துகிற சோதனை மாதிரி. அமெரிக்காவில் நியூ ஜெர்சி 1992-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களை, கூலி உயராத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1994-இல் வந்த ஆய்வில் வேலை குறைந்திருக்கவில்லை. கார்டு 2021-இல் நோபல் பெற்றார். க்ரூகர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மறைந்துவிட்டார். தாமஸ் ஹோம்ஸ் 1998-இல் எதிர்த்திசையில் ஒன்று கண்டார். தொழில்முனைவோருக்குச் சாதகமான சட்டமுள்ள மாநிலத்துக்குள் எல்லை தாண்டி நுழைந்ததுமே, வேலைவாய்ப்பில் தொழிற்சாலைகளின் பங்கு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

இரண்டையும் படித்துவிட்டு வாளையாற்றில் கோடு போட்டு ஒப்பிட ஆசை வரும். எனக்கும் வந்தது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடும் கோவையும் ஒரே சென்னை மாநிலம். சித்தூர் தாலுகாவோ பிரிட்டிஷ் காலத்தில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் பூமி, நடுவில் மகாராஜாவின் தீவு. கோடு போடுவதற்கு முன்பே கோவையில் ஆலை ஓடி 68 ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பே வேறுபட்டிருந்த இரண்டை, பின்னால் போட்ட கோடு வேறாக்கியது என்று சொல்ல முடியாது. கோடு போட்ட பிறகு இடைவெளி கூடியதா, குறைந்ததா என்று கேட்பதுதான் முறையான கேள்வி.

கேரளத்தில் தொழிற்சங்கத் தொல்லையால்தானே தொழில் வரவில்லை?

கொஞ்சம் உண்மை, நிறைய மிகை. உண்மை முதலில்: 1978-ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டம் தலைச்சுமைக்காரர்களுக்கு நியாயமான பாதுகாப்புக் கொடுத்தது. அதன் நிழலில் வளர்ந்தது நோக்குக்கூலி. சரக்கை நீங்களே இறக்கிக்கொண்டாலும், நின்று பார்த்ததற்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசே அதற்குத் தடை போட்டது. உழைப்பே போகாத இடத்துக்குக் கூலி போனால் உற்பத்தித்திறன் என்ன ஆகும் என்பதை வாய்ப்பாடு இல்லாமலே கணக்கிடலாம்.

மிகை எது? டிமோத்தி பெஸ்லியும் ராபின் பர்கஸும் 1958 முதல் 1992 வரை இந்திய மாநிலங்கள் தொழில் தகராறுச் சட்டத்தில் செய்த திருத்தங்களையெல்லாம் வகைப்படுத்தி 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் வளர்ச்சி மந்தம் என்பது முடிவு. அந்தப் பட்டியலில் கேரளம் எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள்? முதலாளி பக்கம்! தமிழ்நாட்டோடு ஒரே வரிசையில். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆதித்ய பட்டாச்சார்ஜியா போன்றவர்கள் இந்த வகைப்படுத்தலைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். எனக்குப் படுவது இது: சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒன்று, லாரி வந்து நிற்கிற முச்சந்தியில் நடப்பது வேறொன்று. புத்தகத்தை மட்டும் எண்ணினால் முச்சந்தி தெரியாது.

முடிவெட்டுகிறவருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் கூலி ஏன் அதிகம்? கத்தரிக்கோல் ஒன்றுதானே?

கூட்டத்திலேயே மிக நல்ல கேள்வி இது. கேட்டவர் பத்தாம் வகுப்புப் பெண். முடி வெட்டுவதில் உற்பத்தித்திறன் இரண்டு பக்கமும் சமம். ஒரு தலைக்கு இருபது நிமிடம், என் தலையாக இருந்தால் ஐந்து. இருந்தும் கூலி வேறு. ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23-க்கான கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் நாள் கூலி கேரளத்தில் சுமார் 764 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 470.

கூலி என்பது அவரவர் வேலையின் உற்பத்தித்திறனைப் பார்த்து மட்டும் வருவதில்லை. இந்த வேலையை விட்டால் வேறெங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதையும் பார்த்து வருகிறது. கேரளத்து இளைஞருக்கு அந்த "வேறெங்கே" துபாயும் தோகாவும். அவரைச் சலூனில் நிறுத்திவைக்க வேண்டுமானால் கூலியை உயர்த்தியே ஆக வேண்டும். வில்லியம் பாமல் 1960-களில் இதை இசைக் கலைஞர்களை வைத்து விளக்கினார். நால்வர் வாசிக்கிற பழைய சங்கீதத்தை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். தொழிற்சாலையில் உற்பத்தித்திறன் ஏற ஏற, அங்கே ஓடிவிடாமலிருக்க இவர்களுக்கும் ஊதியம் ஏறுகிறது. நென்மாறை வேலா திருவிழாவுக்குப் பஞ்சவாத்தியம் பேசப் போனவர்களைக் கேளுங்கள், பாமல் சொன்னதை ரூபாயில் சொல்வார்கள்.

அந்தப் பெண் விடவில்லை. "அப்படியென்றால் பொள்ளாச்சிக்காரர்கள் எல்லாரும் இங்கே வந்துவிடலாமே?" வருகிறார்கள், பல காலமாக. இப்போது வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும்கூட.

வளைகுடாப் பணம் மாநில உற்பத்திக் கணக்கில் சேருமா?

சேராது. மாநில மொத்த உற்பத்தி என்பது எல்லைக்குள் விளைந்ததை மட்டும் எண்ணும். அந்தப் பணத்தில் வீடு கட்டினால் கொத்தனார் வேலை சேரும். இன்னொன்று: கஞ்சிக்கோட்டில் குடியிருந்து கோவையில் வேலை செய்கிறவரின் உற்பத்தி தமிழ்நாட்டுக் கணக்கு, அவர் வாங்குகிற மீன் கேரளத்துக் கணக்கு. எல்லையோர மாவட்டத்தின் வளத்தை உற்பத்திப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் தராசு கோணித்தான் நிற்கும். சிறு பட்டறைகள் விடுபடுவதும் உண்டு. ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகளை எட்டிப் பார்ப்பதில்லை. என் மாணவரின் பட்டறையில் மூன்று பேர்.

ரோடு, ரயில், சோதனைச்சாவடி: இவற்றால் உற்பத்தித்திறன் மாறுமா?

மாறும், நாம் நினைப்பதைவிட அதிகமாக. வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓட்டுநர் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுவார், வண்டி நகர்ந்திருக்காது. லாரிக்குத் தவணை ஓடும், தக்காளி அழுகும், கொச்சியில் வேலையாட்கள் காத்திருப்பார்கள். யாரும் சோம்பேறி அல்ல, எல்லோருடைய உற்பத்தித்திறனும் கீழே போய்க்கொண்டிருக்கும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் போயின. ஜிஎஸ்டியின் மற்றக் குணங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்த ஒன்றுக்காக மன்னிக்கலாம். 2021-இல் குதிரான் சுரங்கப்பாதையின் முதல் குழாய் திறந்தபோது திருச்சூர் பக்கத்து மலை முடிச்சும் அவிழ்ந்தது.

டேவ் டொனால்ட்சன் பிரிட்டிஷ் காலத்து இந்தியப் பதிவேடுகளைத் தோண்டி, ரயில் வந்த மாவட்டங்களில் வேளாண் மெய் வருமானம் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது என்று கணக்கிட்டார். இப்படிப்பட்ட நாட்டில் பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையை அகலமாக்குவதற்காக 2008-இல் மூடி 2015-இல் திறந்தோம். ஏழு ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை பஸ்ஸுக்குப் பழகிவிட்டது.

அணை கட்டினால் இரண்டு பக்கமும் வளரும் என்றார்களே?

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை வைத்துக் கேட்டார்கள். அணைகள் பல கேரள எல்லைக்குள், நிர்வாகம் தமிழ்நாட்டிடம், தண்ணீர் கொங்குச் சமவெளிக்கு. 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு விடவேண்டும் என்பது அதன் ஒரு விதி. எங்கள் தாலுகாவில் இந்த எண்ணைக் குழந்தையும் சொல்லும், வாய்ப்பாட்டுக்கு முன்பே.

எஸ்தர் டூஃப்லோவும் ரோகிணி பாண்டேயும் இந்திய மாவட்டங்களின் அணைகளை மொத்தமாக ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். அணைக்குக் கீழே உள்ள மாவட்டங்களில் விளைச்சல் கூடி வறுமை குறைந்தது. அணை எழும்பிய மாவட்டத்தில் விளைச்சல் குறிப்பிடும்படி கூடவில்லை, வறுமைதான் கூடியது. மொத்தக் கூட்டலில் லாபம் தெரியும். யார் பக்கம் லாபம், யார் பக்கம் நட்டம் என்பது கூட்டலில் மறைந்துவிடும்.

கணக்கில் வராத தண்ணீருக்குப் பிளாச்சிமடையைவிட நல்ல பாடம் கிடையாது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. ஆளுக்கான உற்பத்தித்திறனைப் போட்டிருந்தால் தாலுகாவிலேயே அதுதான் முதலிடம். நிலத்தடி நீருக்கு விலை பூஜ்யம் என்று எழுதிப் போட்ட கணக்கு அது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்து போராடினார்கள், 2004-இல் ஆலை நின்றது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அந்தத் தொகையைக் கழித்துவிட்டு உற்பத்தித்திறனைத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கள் இறக்குவது உற்பத்தித்திறனா?

சிரிக்காதீர்கள், பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம். சித்தூர் தாலுகாத் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. வேலி தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஒரே மண், ஒரே மரம். இந்தப் பக்கத்து மரம் கள்ளாகக் காசு தருகிறது, அந்தப் பக்கத்து மரம் தேங்காய் விலை விழும்போது தலையில் கைவைத்துக்கொள்கிறது. மரத்தின் உற்பத்தித்திறனைச் சட்டசபை தீர்மானிக்கிறது என்றால் வேறு சாட்சி எதற்கு?

முதலீடு வந்தால் போதாதா? பணம் இருந்தால் வளர்ச்சி தானாக வருமே?

பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு நம் பக்கத்து ஊரிலேயே உலகப் புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். உள்ளூரில் நிலமும் சொந்தபந்தமும் உள்ள கவுண்டர் சமூகத்து முதலாளிகள் அதிக முதலோடு தொடங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் முந்தினார்கள். திறமை அதிகம் உள்ளவரிடம் பணம் குறைவாகவும், பணம் எளிதில் கிடைப்பவரிடம் தேவைக்கு மேலும் இருந்தது. சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்ற நம்பிக்கைதான் காரணம். அதில் குற்றமும் இல்லை. ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் அது நட்டம்.

நாட்டளவில் இதையே சியே, க்ளெனோ என்ற இருவர் 2009-இல் கணக்கிட்டார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் முதலும் ஆளும் அமெரிக்காவில் உள்ள அளவுக்குச் சரியான இடத்துக்குப் போனாலே உற்பத்தித்திறன் 40 முதல் 60 விழுக்காடு கூடும் என்றார்கள். ஒரு புது இயந்திரம்கூட வாங்காமல்! அவர்களுடைய சூத்திரத்தில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு, திசையில் சந்தேகமில்லை.

நிர்வாகமும் சேர்த்தி. நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் மும்பை அருகே சில துணி ஆலைகளுக்கு இலவசமாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். சரக்கறையை ஒழுங்குபடுத்து, எந்தத் தறி எப்போது நின்றது என்று எழுதிவை. இப்படிப்பட்ட வீட்டுப் பாட்டி புத்திமதிகள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

பின்தங்கிய வட்டாரம் காலப்போக்கில் தானாக எட்டிப் பிடித்துவிடாதா?

ராபர்ட் பாரோவும் சேவியர் சாலா-இ-மார்ட்டினும் அமெரிக்க மாநிலங்களில் இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு வேகத்தில் குறைவதைக் கண்டார்கள். அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகக் குறையவே 35 ஆண்டுகள். இந்திய மாநிலங்களில் 1991-க்குப் பிறகு அதுகூட நடக்கவில்லை. பணக்கார மாநிலங்கள் விலகியே போயின. காத்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் பொதுவாகக் கோவையில் வீடு வாங்கிவிட்டவர்கள்.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் வரப்போகும் தொழில் நகரம் நம்மை மாற்றுமா?

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று: 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். இப்படிப்பட்ட பெருந்திட்டங்களுக்கு முன்னுதாரணம் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம். க்ளைனும் மொரெட்டியும் 2014-இல் அதன் நீண்டகால விளைவைப் பார்த்தார்கள். அரசுப் பணம் நின்ற பிறகு விவசாயத்தில் கிடைத்த ஆதாயம் கரைந்துபோனது. தொழிற்சாலை வேலைகள் மட்டும் தொடர்ந்து வளர்ந்தன, ஏனென்றால் ஒன்றைச் சார்ந்து ஒன்று என்று அங்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

கஞ்சிக்கோட்டில் 1976 முதல் ஐடிஐ என்கிற அரசுத் தொலைத்தொடர்புக் கருவி ஆலை இருக்கிறது, வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் இருக்கிறது, பின்னர் பெமல் என்கிற கனரக வாகன ஆலை வந்தது. பெரிய மரங்கள் நட்டோம். அடியில் புல் முளைக்கவில்லை. ஆலைக்குத் தேவையான திருகாணியும் பெட்டியும் பழுதுபார்க்கும் ஆளும் மலையிடுக்கு தாண்டி வந்தால், கூட்டம் கோவையில்தான் சேரும். 1,710 ஏக்கரில் ஒரு ஓரத்தை மூன்று பேர் பட்டறைகளுக்கு, வாடகைக் கூரையாக, ஒரு டூல் கடையோடும் வெப்பப் பதப்படுத்தும் உலையோடும் சேர்த்துக் கொடுத்தால், எனக்கு நம்பிக்கை வரும். தமிழ்வழியில் படித்த எங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சித் தேர்வைத் தமிழில் எழுத விடுவதும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

என் மகனைக் கோவைக்கு வேலைக்கு அனுப்பலாமா, ஊரிலேயே இருக்கச் சொல்லவா?

கடைசியாகக் கேட்டவர் ஒரு தாய். கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். அனுப்புங்கள் அக்கா என்றேன். பையன் அதே பையன்தான், அந்தத் தெருக்கள் அவனிடமிருந்து இரண்டு மடங்கு வாங்கிவிடும். ஐந்தாறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பட்டறை போட நினைத்தால், தனியாக வரவேண்டாம், கூட வேலை பார்த்தவர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, காலை ஷிப்ட் எட்டு மணிக்கென்றால் வேலந்தாவளத்தில் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.